உடைமை மாறியது, சந்தை வரவில்லை: ஊவா மாகாணத்தின் வரவு செலவும் தோட்ட மக்களின் பொதுச் சேவைகளும்

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலங்கை அரசாங்கம் அறிவித்த நாள் முதலாக, அரசாங்கச் செலவைச் சுருக்குதல், நட்டத்தில் நடக்கும் ஸ்தாபனங்களை விற்றல், மின்சாரத்தையும் எரிபொருளையும் அடக்கவிலைக்குக் குறையாமல் வழங்குதல், பொதுச் சேவைகளிற் போட்டியைப் புகுத்துதல் என்னும் தடையற்ற சந்தைச் சித்தாந்தத்தின் உபதேசங்கள், முன்னர் பல்கலைக்கழக மண்டபங்களில் மட்டும் விவாதிக்கப்பட்டவை, வரவு செலவுத் திட்டத்தின் வாக்கியங்களாகவே இடம்பெறத் தொடங்கிவிட்டன. 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டொலர் கடனுதவிக்கு அனுமதி வழங்கியது. அந்த ஏற்பாட்டின் நிபந்தனைகளுக்கு இணங்க வரிகள் உயர்ந்தன. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. அதற்கு முன்பே, 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், மறுபடி 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. இந்த உபதேசங்கள் முற்றிலும் பிழையானவை என்று தள்ளுவதும், முற்றிலும் சரியானவை என்று கொள்வதும், ஒரேவிதமான மனச்சோம்பலிலிருந்து பிறப்பவை. ஒரு கொள்கையின் குணதோஷத்தை அது நடைமுறைக்கு வந்த நிலத்தில் வைத்துப் பரிசோதிப்பதே ஆராய்ச்சியின் தர்மமாகும்.

அவ்விதப் பரிசோதனைக்கு, பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட ஊவா மாகாணத்தைப் போல் தகுந்த இடம் இலங்கையில் வேறு இல்லை எனலாம். அரசுடைமை, தனியார் குத்தகை, மீண்டும் அரசுடைமை என்ற மூன்று நிலைகளையும் இம்மாகாணம் தன் தேயிலை மலைகளிலும் கரும்புச் சமவெளிகளிலும் கண்டிருக்கிறது. மாகாண சபை என்ற பெயரில் சொந்தமாக ஒரு கஜானாவையும் பெற்றிருக்கிறது. இவ்வரலாற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஒரு முடிவு தவிர்க்க முடியாததாகிறது. இங்கே நடந்த சீர்திருத்தங்கள் உடைமையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினவேயன்றி, சந்தைக்கு உயிராகிய போட்டியையும், பகிரங்கமான கணக்கையும், வேண்டாததை விட்டு வேறொன்றை நாடும் உரிமையையும் அந்த மண்ணில் உழைப்பவரிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சந்தையின் பெயரால் நடந்தவற்றிற் பெரும்பகுதி சந்தையே இல்லாத இடத்தில் நடந்தது.

மாகாணத்தின் கஜானா

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தபோது, தேசியப் பாடசாலைகள் நீங்கலான பாடசாலைகளும், கிராமப்புற வைத்தியசாலைகளும், மாகாண வீதிகளும், உள்ளூராட்சி மேற்பார்வையும் மாகாணத்தின் பொறுப்பாயின. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் 8 லட்சத்து 15 ஆயிரம் பேரும் மொனராகலை மாவட்டத்தில் 4 லட்சத்து 51 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். இத்தனை பேருக்குக் கல்வியும் சுகாதாரமும் அளிக்கவேண்டிய ஒரு சபைக்குத் தானாக வரி விதிக்கும் சக்தி எவ்வளவு இருந்தது என்று பார்த்தால், அதிகாரப் பரவலாக்கத்தின் உட்பொருள் விளங்கும்.

ஆரம்பத்தில் மாகாணங்களுக்குப் புரள்வு வரி என்ற ஒரு வருமானம் இருந்தது. 2011ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டு, மத்திய அரசாங்கம் வசூலிக்கும் தேசக் கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 வீதமும், முத்திரைத் தீர்வை முழுவதும் மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்ற ஏற்பாடு வந்தது. 2019 டிசம்பரில் புதிய அரசாங்கம் தேசக் கட்டுமான வரியையே ஒழித்தது. அதனோடு மாகாணங்களின் பிரதான வருமானம் ஒன்றும் ஒரே தீர்மானத்தில் மறைந்தது. மாகாணத்தை எவரும் கலந்தாலோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றச் செலவுக்கெல்லாம் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் திறைசேரி விடுவிக்கும் மானியமே ஆதாரம். மீண்டெழும் செலவுக்கான தொகுதி மானியத்தைக் கணக்கிடும் முறையில், மாகாணத்தின் தேவையை மதிப்பிட்டு, அதிலிருந்து மாகாணம் ஈட்டக்கூடிய வருமானத்தைக் கழித்து, மிகுதியையே கொடுக்கிறார்கள். கிடைப்பதிற் பெரும்பகுதி ஆசிரியர், தாதியர், எழுதுவினைஞர் ஆகியோரின் சம்பளத்துக்கே சரியாகிவிடுகிறது. இந்த முறையின் விளைவைச் சந்தைப் பொருளியலார் தம் சித்தாந்தத்தைக் கொண்டே எளிதில் ஊகிப்பர். கூடுதலாக வரி திரட்டும் மாகாணத்துக்கு மானியம் குறையும். சிக்கனமாக நடப்பதால் பலன் இல்லை. வீண்செலவால் தண்டனையும் இல்லை. தன் பணத்தைக் கொடுக்காத மக்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், கொழும்பு தரவில்லை என்று பதில் சொல்லித் தப்ப வழியிருக்கிறது.

கேட்பதற்கு ஒரு சபையாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பர் 20ஆம் திகதி நடந்த தேர்தலே இலங்கையில் இதுவரை நடந்த கடைசி மாகாண சபைத் தேர்தல். அச்சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் மக்கள் தெரிவுசெய்யாத ஆளுநரின் கீழேயே மாகாணப் பரிபாலனம் நடந்துவருகிறது. அரசாங்கச் செலவைச் சீர்திருத்துவோம் என்று பேசுகிறவர்கள், செலவைத் தட்டிக்கேட்கும் சபையே இல்லாத குறையைத் தங்கள் பட்டியலில் முதலில் வைத்திருக்க வேண்டும். வைத்தவர் மிகச் சிலர்.

1992ஆம் ஆண்டுப் பரிசோதனை

தோட்டங்களின் கதையை நியாயமாகச் சொல்வதானால் அரசுடைமையின் குறையிலிருந்தே தொடங்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தேயிலை, ரப்பர்ப் பெருந்தோட்டங்களை அரசாங்கத்திடம் கொண்டுவந்தன. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரசாங்கப் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிர்வகித்தன. அரசியற் சிபாரிசால் உத்தியோகம் பெற்றவர் பெருகினர், மீள்நடுகை தளர்ந்தது, நட்டம் ஆண்டுதோறும் ஏறித் திறைசேரியின் மேற் பெரும் பாரமாயிற்று. பின்னர் கம்பெனிகளிடம் போகாமல் எஞ்சிய சில தோட்டங்கள் இன்றும் அந்த இரு ஸ்தாபனங்களிடமே இருக்கின்றன. அவற்றின் தொழிலாளருக்கு ஊழியர் சேமலாப நிதிகூடக் காலத்திற் செலுத்தப்படாமல் நிலுவையாக நின்றதை நினைப்பவர், அரசுடைமை என்ற சொல் மட்டுமே தொழிலாளிக்குப் பாதுகாப்பாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்வர்.

ஆகவே 1992 ஜூன் மாதம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் தோற்றுவிக்கப்பட்டு, ஏறத்தாழ 450 தோட்டங்கள் அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டபோது, மாற்றம் வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. முதலில் ஐந்தாண்டு நிர்வாக ஒப்பந்தமே கொடுத்தார்கள். குறுகிய ஒப்பந்தத்தை நம்பி எவரும் முதல் போடமாட்டார் என்று உணர்ந்து, 1995 முதல் கம்பெனிகளின் பங்குகளில் 51 வீதத்தை நிர்வகிப்போருக்கே விற்று, 1992ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடும் 53 ஆண்டுக் குத்தகையை அளித்தார்கள். பங்குகளில் பத்தில் ஒரு பாகம் தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. மீதியில் ஒரு பாகம் பங்குச் சந்தைக்கு வந்தது. விசேஷ அதிகாரமுள்ள ஒரு 'தங்கப் பங்கை' அரசாங்கம் தன்னிடம் வைத்துக்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் ஒரு தோட்டத்துக்கு வருஷக் குத்தகை 500 ரூபா என்ற பெயரளவான தொகையே. 1996ஆம் ஆண்டின் நடுவில்தான் அது உயர்த்தப்பட்டது. மடுல்சீமை, நமுனுகுல ஆகிய ஊவா மலைகளின் பெயர்களே கம்பெனிப் பெயர்களாகிக் கொழும்புப் பங்குச் சந்தையின் விலைப்பட்டியலில் ஏறின.

திறைசேரியின் கோணத்தில் இது வெற்றியே. மாதாமாதம் தோட்டங்களுக்குக் கொட்டவேண்டியிருந்த பணம் நின்றது. ஆனால் இரண்டு குறைகள் அந்த ஏற்பாட்டின் அஸ்திவாரத்திலேயே இருந்தன. முதலாவது, காலம். தேயிலைக் கன்று ஆதாயம் தர மூன்று நான்கு ஆண்டுகளும், ரப்பர் மரம் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகளும் செல்லும். போட்ட முதல் திரும்பப் பல பத்தாண்டுகள் வேண்டும். குத்தகை முடியும் 2045ஆம் ஆண்டு நெருங்க நெருங்க, பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கான காரணம் குத்தகைக்காரருக்குக் குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு இரண்டு வீதம் மீள்நடுகை செய்யவேண்டும் என்ற விதி ஏட்டளவில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது குறை, தொழிலாளியின் நிலை. துரை மாறினார், கம்பெனியின் பெயர் மாறியது; வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் ஒருவரே என்ற பழைய அமைப்பு மாறவில்லை.

மடுவத்துத் தராசு

இந்த இரண்டாவது குறையின் தன்மையைப் புள்ளிவிவரத்தைவிட ஒரு நாள் வேலை தெளிவாகக் காட்டும். காலையில் பிரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து மலைக்கு ஏறும் பெண், கொழுந்து மடுவத்தில் மூன்று வேளையும் நிறுத்துக் கொடுக்கிறாள். கணக்கப்பிள்ளை சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஓரிரு கிலோவைக் கழித்தே எழுதுகிறார். மாலையில், அன்றைய நிர்ணயக் கிலோ நிறைந்திருந்தால் முழுப் பேர் (முழுநாட் சம்பளம்); குறைந்திருந்தால் அரைப் பேர். நிர்ணயத்துக்கு மேலே பறித்ததற்குக் கிலோக் கணக்கிற் கைக்காசு உண்டு. தராசு சரியில்லை, கழிவு அதிகம் என்று அவள் கருதினால் என்ன செய்யலாம்? முறையிடலாம், தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லலாம், ஆனால் அந்தக் கொழுந்தை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. வேலையை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் எளிதில் முடியாது. அவள் குடியிருக்கும் லயத்து அறை இந்த வேலையோடு கட்டுண்டது.

இதே தேயிலையைத் தன் சொந்த அரை ஏக்கரில் வளர்க்கும் சிறுதோட்டக்காரரின் நிலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலாம்பரமாகும். இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ 70 வீதத்தை இன்று விளைவிப்பவர்கள் சிறுதோட்டக்காரர்களே. அவர்களிற் பெரும்பாலோர் தாழ்நில மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கொழும்பு ஏலத்தில் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் 68 வீதம் கொழுந்து கொடுப்பவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் உரியது என்ற பங்கீட்டு விதியைத் தேயிலை ஆணையாளர் அமல் செய்கிறார். அதற்கும் மேலாக, ஒரு தொழிற்சாலையின் லொறி நிறுவையிற் குறைத்தாலோ, பணம் தாமதமானாலோ, அவர் நாளை இன்னொரு லொறிக்குக் கொழுந்தைப் போடலாம். நியாயமான ஒரு விதி, போட்டியிடும் பல கொள்வனவாளர், தன் பெயரில் ஒரு துண்டு நிலம் என்னும் மூன்றும் சேர்ந்த இடத்தில் சந்தை உண்மையாகவே ஏழைக்கு உதவியிருக்கிறது. சந்தையை வெறுப்பவர் இந்த உண்மையை மறுக்கக் கூடாது. சந்தையைப் போற்றுபவர் இந்த மூன்றும் ஊவாவின் லயங்களில் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

சம்பளத் தகராற்றின் வேரும் இங்கேதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015ஆம் ஆண்டளவில் எழுந்தது; 2021 மார்ச் மாதம் சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி மூலமே அது கிடைத்தது; பழைய கூட்டு ஒப்பந்த முறையும் அத்தோடு முறிந்தது. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்து, கம்பெனிகள் நீதிமன்றம் சென்று, செப்டம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாக முடிவாயிற்று. சம்பளத்தை அரசாங்கம் நிர்ணயிப்பது சந்தை விதிக்கு முரண் என்று முதலாளிமார் தரப்பிற் சொல்கிறார்கள். வாங்குபவர் ஒருவரே, விற்பவர் அவரை விட்டு விலக முடியாதவர் என்ற இடத்தில் சந்தை விலை என்று ஒன்று உருவாவதே இல்லை. அங்கே வர்த்தமானி தலையிடுவது வியாதியின் அறிகுறி. 1992இல் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கம்பெனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதிற் பாதிக்கும் குறைவு. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். வீட்டையும் ஊரையும் ஒருசேரக் கைவிடுவதே அவர்களுக்குத் திறந்திருந்த ஒரே 'விலகும் உரிமை'.

கரும்புச் சமவெளியின் பாடம்

மொனராகலை மாவட்டத்தில் தேயிலை குறைவு. மலையடிவாரத்தில் சில ரப்பர்த் தோட்டங்களும், அதற்கப்பால் வறண்ட சமவெளியிற் கரும்பும் இருக்கின்றன. புத்தலைக்கு அருகே பெல்வத்தையிலும், தெற்கே செவனகலவிலும் 1980களில் அரசாங்க முயற்சியால் சீனித் தொழிற்சாலைகள் எழுந்தன. சுற்றிலும் குடியேற்றப்பட்ட விவசாயிகள் கரும்பு கொடுத்தார்கள். பின்னர் இரண்டும் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. 2011 நவம்பரில், குறைந்த வினைத்திறனுள்ள 37 ஸ்தாபனங்களையும் சொத்துக்களையும் சுவீகரிக்கும் சட்டம் அவசர மசோதாவாக நிறைவேறியபோது, இவ்விரண்டும் மறுபடி அரசாங்கத்திடம் வந்து, இப்போது லங்கா சீனிக் கம்பெனியின் கீழ் நடக்கின்றன.

இந்தச் சுழற்சியில் விவசாயி கண்ட மாற்றம் யாது? வெட்டிய கரும்பு இரண்டொரு நாளிற் சாறு வற்றிக் கெடத் தொடங்கும். தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகையால் அவர் தம் அருகிலுள்ள ஒரே ஆலைக்கே கொடுத்தாகவேண்டும். ஆலை அரசாங்கத்துடையதாக இருந்தபோதும், தனியாருடையதாக இருந்தபோதும், மறுபடி அரசாங்கத்துடையதானபோதும் இந்த நிலை மாறவில்லை. அண்மை ஆண்டுகளில் சிவப்புச் சீனி விற்பனையாகாமல் கிடங்கிலே தேங்கியதும், பெறுமதி சேர் வரியின் பாரமும் சேர்ந்து ஊழியரின் சம்பளத்தையும் பாதித்தன. சட்டத்தால் ஒரே நாளிற் பறிக்கப்படலாம் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தனியார் முதலாளியும் நெடுநோக்கோடு முதல் போடமாட்டார். போட்டியே இல்லாத ஆலையை விற்றாலும் விவசாயிக்கு விடிவில்லை. உடைமையைப் பற்றிய வாதம் நாற்பது ஆண்டுகளாக நடக்க, விலை நிர்ணயிக்கும் சூத்திரத்தைப் பகிரங்கமாக்குவதும், நிறுவையையும் சீனிச் செறிவையும் சுயேச்சையான ஒருவர் பரிசோதிப்பதும் போன்ற எளிய சீர்திருத்தங்களே விவசாயிக்கு அவசியமாக இருந்தன.

பாடசாலை, டிஸ்பென்சரி, பாதை

பொதுச் சேவைகளைச் சந்தையிடம் விடலாமா என்ற கேள்விக்கு ஊவாத் தோட்டங்கள் நூறாண்டு அனுபவத்தோடு பதில் சொல்கின்றன. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகாதாரப் பொறுப்பைத் தோட்ட முதலாளிமீது வைத்தது. பாடசாலையும் நெடுங்காலம் தோட்டத்தின் பொறுப்பே. கல்வியும் வைத்தியமும் முதலாளியின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக இருந்த காலத்தில், ஒற்றை ஆசிரியர் மடுவமும், மருந்துப் போத்தல்கள் சில அடுக்கிய டிஸ்பென்சரியுமே கிடைத்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னரே மலையகத்திற் கல்வி பரவலாயிற்று. டிஸ்பென்சரிகளோ இன்றும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்திடமே இருக்கின்றன. தோட்ட வீடமைப்பையும் நலனையும் கவனிக்க 1992இல் உருவான நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் கம்பெனிகளும் அரசாங்கமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் மூன்றாவது ஓர் அமைப்பு. நன்மை செய்திருக்கிறது, ஆயினும் பிரஜைக்குரிய சேவையை ஒரு தொழிற்றுறைக்குரிய சலுகையாகவே அது நிலைநிறுத்தியது.

பாதையின் கதை இன்னும் தெளிவானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின் காரணமாக, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிட முடியாமல் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தன. தோட்டத்து மனிதர் அச்சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவர் பாதைக்கு ஒரு கூடைச் சல்லி போட முடியாது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியாபெத்தைத் தோட்ட லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நிலத்தின் சொந்தக்காரர் அரசாங்கம், குத்தகைக்காரர் கம்பெனி, குடியிருப்பவருக்கு நிலத்தில் யாதொரு உரித்தும் இல்லை. மக்களை இடம் மாற்றும் கடமை யாருடையது என்பதற்கு அங்கே தெளிவான விடை இல்லாதிருந்தது; விடையில்லாத கேள்விக்கு மக்கள் தம் உயிரால் விடை கொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவு ஆய்வில் நாடு முழுவதற்குமான வறுமை 14.3 வீதமாக இருக்கையில் தோட்டத் துறையில் அது 33.8 வீதமாக இருந்ததன் பின்னாலும் இதே அமைப்புத்தான் நிற்கிறது.

பிள்ளைக்கான கல்விப் பணத்தைப் பெற்றோர் கையிற் கொடுத்து, விரும்பிய பாடசாலையைத் தெரிவுசெய்ய விடவேண்டும் என்று மில்டன் பிரீட்மன் 1950களில் வாதித்தார். நகரத்தில் அது விவாதத்துக்குரிய யோசனை. லுணுகலை மலைமேல் நடந்துபோகும் தூரத்தில் ஒரே பாடசாலை இருக்கும் பிள்ளைக்கு, அந்தச் சீட்டைக் கொண்டு எங்கே போவது? சந்தைச் சித்தாந்தத்தின் மூலபுருஷராகிய ஆடம் ஸ்மித்தே, பாதைகளும் பாலங்களும் ஏழைப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியும் அரசின் கடமை என்று 1776இல் எழுதிவைத்தார் என்பதை அவருடைய சீடர்கள் ஞாபகத்திற் கொள்வது நன்று.

பிறர் அனுபவம்

மாநில அளவிற் சந்தைச் சீர்திருத்தத்தைத் தீவிரமாகச் சோதித்த உதாரணம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம். 2012இல் அதன் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியைப் பெரிதும் குறைத்தார். பொருளாதாரம் வளர்ந்து இழப்பை ஈடுசெய்யும் என்றார். வருமானம் வீழ்ந்தது, பாடசாலைகளும் வீதிகளும் பணமின்றித் தவித்தன, 2017இல் அவருடைய கட்சியே பெரும்பான்மை வகித்த சட்டசபை, அவர் தடுத்தும் கேளாமல் வரிகளை மீட்டது. இலங்கையும் 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கி, மூன்றாண்டு முடியுமுன் அதன் பலனை அனுபவித்தது. வரியைக் குறைப்பதே சந்தைக் கொள்கை என்று எண்ணுவோருக்கு இவ்விரண்டும் எச்சரிக்கை.

சந்தையைப் பொதுநலத்துக்குப் பணியவைத்த உதாரணமோ நம்மிடமே உண்டு. பெயரிலேயே மொனராகலை மாவட்டத்துப் பிபிலையைத் தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மூலம், அவசிய மருந்துகளை வியாபாரப் பெயரால் அன்றி மருந்தின் மூலப்பெயரால் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை நிறுவினார். அவரை இடதுசாரி என்றே உலகம் அறியும். ஆயினும் அவர் செய்தது விற்பனையாளர்களைத் தமக்குள்ளே போட்டியிடச் செய்ததேயாகும். தமிழ்நாடு 1994இல் நிறுவிய மருத்துவப் பணிகள் கழகமும் இதே வழியைப் பின்பற்றிப் பகிரங்க ஒப்பந்தப்புள்ளியோடு ஆய்வுகூடப் பரிசோதனையையும் சேர்த்து, ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே தெரிவுசெய்து எடுக்க வழிசெய்தது. அங்கே வாங்குவதிற் போட்டியும், தெரிவுசெய்வதில் வைத்தியருக்குச் சுதந்திரமும், கணக்கில் வெளிச்சமும் இருந்தன. மருந்தைப் பெறும் நோயாளி காசு கொடுக்கவில்லை.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நோக்கின், ஊவாவுக்கு வேண்டிய சீர்திருத்தங்களின் வரிசை தானே புலனாகும். முதலாவது, குடியிருக்கும் நிலத்துக்கும் வீட்டுக்கும் சட்டபூர்வமான உறுதி. 2015க்குப் பின் ஏழு பேர்ச் நிலம் என்றும், இந்திய உதவி வீட்டுத்திட்டத்திற் பத்துப் பேர்ச் என்றும் கொடுக்கத் தொடங்கியது நல்ல ஆரம்பம்; அதை வேலையோடு தொடர்பில்லாத பூரண உரிமையாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் விரைந்து வழங்கவேண்டும். வீடு தன்னுடையதாகும் நாளிலேயே தொழிலாளி முதன்முறையாக ஒரு சந்தையில் சுதந்திரமான மனிதராக நிற்பார்.

இரண்டாவது, கைவிடப்பட்ட தேயிலை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து பயிரிட விடும் முறையைச் சில கம்பெனிகள் முன்வைக்கின்றன. அது வெறும் ஒப்பந்தக் கூலியாகச் சுருங்காமல், நெடுங்காலக் குத்தகையும், 68 வீத விதியும், விரும்பிய தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் உரிமையும் எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். மூன்றாவது, பாடசாலை, டிஸ்பென்சரி, பாதை, குடிநீர் ஆகியவை முற்றாக மாகாணத்தினதும் பிரதேச சபையினதும் கடமையாக வேண்டும். அதற்கு ஈடாகக் கம்பெனிகள் செலுத்தும் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு, அந்தத் தோட்டம் அமைந்த சபையின் கணக்கில் நேரே சேரவேண்டும். நான்காவது, மாகாணம் தேடும் வருமானத்தை மானியத்திற் கழிக்கும் முறை ஒழிந்து, வரி திரட்டுவதற்கும் சிக்கனமாக நடப்பதற்கும் பலன் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு கேள்விப்பத்திரமும் செலவும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தின் பலகையில் ஒட்டப்படவேண்டும். ஐந்தாவது, மாகாண சபைத் தேர்தல் நடக்கவேண்டும். தேர்தல் இல்லாத சிக்கனம் கேட்பாரற்ற சிக்கனமாகவே முடியும்.

அரசாங்கத்தின் கை சுருங்கவேண்டிய இடங்களும் உண்டு, நீளவேண்டிய இடங்களும் உண்டு என்பதே ஊவாவின் அனுபவம் தரும் தீர்ப்பு. சீனி விற்பதும் உத்தியோகம் பங்கிடுவதும் முதல் வகை. நிலவுறுதியும் பள்ளிக்கூடமும் மருந்தும் மண்சரிவிலிருந்து பாதுகாப்பும் இரண்டாவது வகை. இரண்டையும் மாற்றிச் செய்து வந்ததே இதுவரை நடந்த சீர்திருத்தங்களின் பிழை. பெருந்தோட்டக் குத்தகைகள் 2045ஆம் ஆண்டு முடிவடையும். அவற்றை நீடிப்பதா, பிரிப்பதா, யாருக்கு எந்த நிபந்தனையிற் கொடுப்பது என்ற பேச்சு அதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே கொழும்பில் தொடங்கிவிடும். 1972இலும் 1992இலும் அம்மக்களைக் கேளாமலே தீர்மானித்தார்கள். இம்முறை அப்படி நிகழாதிருக்க, மலையகத் தொழிற்சங்கங்களும், ஆசிரியர்களும், பதுளையிலும் மொனராகலையிலும் உள்ள பொதுநல நாட்டமுள்ள ஒவ்வொருவரும், நிலவுறுதியையும் திறந்த கணக்கையும் தேர்தலையும் இன்றே ஒரே குரலிற் கேட்கத் தொடங்கவேண்டும்.